லேக்கர் காலத்துக் கை, கிளியர் கோட் காலத்து வண்டி

புதுசா பாலிஷிங் மெஷின் வாங்கின யாரிடம் பேசினாலும் ஒரே புலம்பல்தான் வருது. "மூணு மணி நேரம் தேய்ச்சேன், கை மரத்துப் போச்சு, வெயில்ல நிறுத்திப் பார்த்தா அந்தச் சிலந்தி வலைக் கீறல் அப்படியே இருக்கு." சிலருக்கு இன்னும் மோசம்: முன்னாடி இல்லாத ஒரு மூட்டம் புதுசா வந்திருக்கும். உடனே பழி மெஷின் மேல விழும், அப்புறம் கம்பவுண்ட் மேல. நான் இதை வரலாற்றின் வழியாகப் பார்க்க விரும்புகிறேன். ஏன்னா இந்தத் தோல்விகளில் பெரும்பாலானவை, ஒரு காலத்து பெயிண்டுக்குச் சரியாக இருந்த பழக்கத்தை இன்னொரு காலத்து பெயிண்ட் மேல் காட்டுவதால் வருபவை.

கதை அமெரிக்காவில் 1920களில் தொடங்குகிறது. அதுவரை காருக்கு பெயிண்ட் அடிப்பது குதிரை வண்டிக்கு அடித்த மாதிரியேதான். பிரஷ், வார்னிஷ், ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருப்பு. ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ், டூபான்ட் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கிய டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைத் தன் ஓக்லண்ட் கார்களில், 1924 மாடலுக்காக, நீல நிறத்தில் அடித்துக் காட்டியது. ஸ்ப்ரே பண்ணலாம், சீக்கிரம் காயும், நிறத்துக்குப் பஞ்சமில்லை. ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டும்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்க, இது எவ்வளவு பெரிய மாற்றம்னு புரியும்.

ஆனா லேக்கருக்கு ஒரு குணம் உண்டு. தின்னர் ஆவியாகிப் போனதும் அது காய்ந்துவிடும், ஆனால் பளபளப்பாகக் காயாது. மேல்பரப்பு மங்கலாக, ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும். தேய்த்தால்தான் பளபளப்பு. பல பூச்சு அடித்து, தண்ணீர் எமரி போட்டு, ரப்பிங் கம்பவுண்ட் வைத்துத் தேய்ப்பது பெயிண்டிங் வேலையின் கடைசிக் கட்டமாகவே ஆனது. வெயிலில் சில வருஷம் நின்று வெளுத்துப் போனாலும் அதே மருந்துதான். செத்த மேல்படலம் துணியில் நிறமாக ஒட்டிக்கொண்டு வரும், கீழே இருந்து புது நிறம் எட்டிப் பார்க்கும். நம்ம ஊரில் அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் டிங்கரிங், பெயிண்டிங் கடைகளில் 'என்சி பெயிண்ட்' என்று சொன்னது இந்த நைட்ரோசெல்லுலோஸ் குடும்பத்தைத்தான். அந்தக் கடைகளில் தொழில் கற்றவர்கள் "நல்லா அழுத்தித் தேய், கம்பவுண்ட் காயுற வரைக்கும் விடாதே" என்று சொன்னால், அவர்கள் தெரிந்துதான் சொன்னார்கள். அந்த பெயிண்டுக்கு அது சரியான அறிவுரை.

பிறகு பெயிண்ட் மாறிவிட்டது. 1980களில் பரவலான பேஸ்கோட், கிளியர் கோட் முறையில் நிறம் கீழே ஒரு மெல்லிய படலம். அதற்கு மேல் நிறமே இல்லாத, வேதிப்பிணைப்பால் இறுகிய ஒரு கண்ணாடிப் படலம். இது லேக்கர் மாதிரி தின்னரில் கரையாது, அதைவிடக் கடினம். பளபளப்பும் இதில்தான், வெயிலிலிருந்து கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் இதுதான். பொதுவாக இதன் தடிமன் 40, 50 மைக்ரான். உங்க தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். அந்தத் தடிமனுக்குள்தான் உங்க மொத்த விளையாட்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இதைத் தாண்டிவிட்டால், எந்தக் கம்பவுண்டும் திரும்பக் கொண்டுவராது. அந்த பேனலுக்கு முழு பெயிண்ட்தான். கடைகளில் வைத்திருக்கும் தடிமன் மீட்டர்கூட மொத்தப் படலத்தைத்தான் அளக்கும், கிளியர் மட்டும் எவ்வளவு மிச்சம்னு பிரித்துச் சொல்லாது.

இப்போ மெஷினுக்கு வருவோம். லேக்கர் காலத்து மெஷின் ரோட்டரி. கிரைண்டருக்கு அண்ணன் தம்பி. ஒரே அச்சில், மோட்டார் வேகத்தில் நேராகச் சுழலும். அழுத்தினால் கூட வெட்டும், கூடவே சூடாகும். கிளியர் கோட் மேல் கம்பளி பேடோடு இதை ஓட்டிவிட்டு அப்படியே விட்டால், வெயிலில் அலையலையா ஒரு ஒளி ஓடும். அதைத்தான் ஹோலோகிராம் என்கிறார்கள். உளி பிடித்தவர் கையில் ரோட்டரி அற்புதமான கருவி. முதல் முறை தொடுகிறவர் கையில் வேண்டாம் என்பது என் கருத்து.

ஆரம்பநிலைக்காரர் வாங்குவது பெரும்பாலும் டியூவல் ஆக்ஷன், சுருக்கமா டிஏ. மணல்தாள் தேய்க்கும் மெஷின் வழியாக வந்த கருவி இது. அமெரிக்காவில் போர்ட்டர் கேபிள் 7424 மாதிரி மெஷின்கள் இதை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தன. இதில் இரண்டு அசைவு உண்டு. பேட் சின்ன வட்டத்தில் ஆடும், அதோடு தானாகவும் சுழலும். ஆட்டம் மோட்டாரால் வருவது. சுழற்சி அப்படியில்லை, அது ஒரு பேரிங்கில் சுதந்திரமாக ஓடுவது. இங்கேதான் பழைய பழக்கம் காலை வாருகிறது. "வெட்டலையே, இன்னும் அழுத்துவோம்" என்று அழுத்தினால் சுழற்சி நின்றுபோகும், பேட் வெறுமனே நடுங்கும். கை வலிக்கும், சத்தம் வரும், கீறல் போகாது.

இதைக் கண்டுபிடிக்க ரொம்ப எளிய வழி உண்டு. பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்க. ஓடும்போது அந்தக் கோடு சுற்றி வருதான்னு பாருங்க. நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது மெஷின் சாய்ந்திருக்கு, அல்லது பேனலின் வளைவில் பேடின் ஒரு ஓரம் மட்டும் உட்கார்ந்திருக்கு. பெரும்பாலானோர் மெஷினைச் சாய்த்துப் பிடிப்பது தெரியாமலே சாய்க்கிறார்கள். 2010களில் இத்தாலியின் ரூபெஸ் பிரபலமாக்கிய 15, 21 மில்லிமீட்டர் நீள் வீச்சு மெஷின்கள் தட்டையான பானட்டில் பிரமாதம். ஆனால் கதவின் மடிப்பு, பம்பர் மாதிரி இடங்களில் இன்னும் சீக்கிரம் நின்றுவிடும். அங்கே சின்ன பேட் போடணும்.

அடுத்தது வேகமும் பரப்பும். மொத்த பானட்டையும் ஒரே மூச்சில் தேய்க்கப் போனால் எந்த இடத்திலும் போதிய வேலை நடக்காது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி போதும். கையை நொடிக்கு ஒரு அங்குலம் நகர்த்துங்க, பாதி மேலே பாதி விழுற மாதிரி, குறுக்கும் நெடுக்குமாக. இது பார்க்க அசட்டுத்தனமா மெதுவா இருக்கும். அதுதான் சரியான வேகம்.

கம்பவுண்டிலும் இதே தலைமுறைச் சிக்கல். பழைய வகையில் உராய்வுத் துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுணுக்கமாகும். பாதியில் நிறுத்தினால் மூட்டம் மிஞ்சும், அதனால் கடைசி வரை ஓட்டணும். 2000களின் பிற்பகுதியில் மெக்குயர்ஸ் எம்105 போன்றவற்றோடு பரவிய வகையில் துகள் உடையாமல் ஒரே அளவில் இருக்கும். அதைக் காயும் வரை ஓட்டினால் தூசியும் சூடும்தான் மிச்சம். கையில் இருப்பது எந்த வகைன்னு டப்பாவில் பார்த்துக்கோங்க. பட்டாணி அளவு நாலு சொட்டு போதும். அதிகமா ஊற்றினால் பேட் வழுக்கும், கொழகொழன்னு நனைந்து வெட்டும் திறனை இழக்கும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷால் தட்டிச் சுத்தம் பண்ணுங்க. நாலைந்து பகுதிக்குப் பிறகு வேற பேடுக்கு மாறுங்க.

கீறல் போய்விட்டது, ஆனா இரண்டு வாட்டர் வாஷில் திரும்ப வந்தது என்றால்? அது போகவே இல்லை. பாலிஷில் இருந்த எண்ணெய் அதை நிரப்பி மறைத்திருந்தது. தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பாருங்க, உண்மை தெரியும். இதையும் முழு வண்டியில் சோதிக்காதீங்க. ஒரே ஒரு சதுரத்தில், மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் வைத்துத் தொடங்குங்க. போதலைன்னா பேடை மட்டும் மாற்றுங்க, அப்புறம்தான் கம்பவுண்டை. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். வெட்டிய பிறகு வந்த லேசான மூட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். மென்மையான பேடில் ஒரு நுண் பாலிஷ் அதை எடுத்துவிடும்.

இன்னொரு விஷயம், பலரும் பேசாதது. அபார்ட்மென்ட்டில் காலையில் ஒரே பக்கெட், ஒரே துணி வைத்து இருபது வண்டி துடைக்கிறவருக்கு நாம கொடுத்த வசதி அவ்வளவுதான். அந்தத் துணியில் இருக்கும் மண்ணே முதல் சுழல் கீறல். அது மாறாமல் பாலிஷ் செய்தால் ஒரே மாதத்தில் பழைய கதைதான், மைக்ரான் மட்டும் குறைந்திருக்கும்.

நகம் வைத்து இழுத்தால் மாட்டுகிற கீறலை அப்படியே விட்டுவிடுங்க. அதைச் சமன் செய்ய சுற்றிலும் உள்ள கிளியரை அவ்வளவு ஆழத்துக்கு இறக்கணும். கதவின் விளிம்பு, பானட்டின் கூர் கோடு, இங்கெல்லாம் படலம் இயல்பாகவே மெல்லிசு, சூடும் அங்கே குவியும். மெஷினை எடுப்பதற்கு முன் அந்த விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. அந்த டேப் பிறந்ததும் இதே லேக்கர் காலத்தில்தான். இரண்டு நிற கார்களில் கோடு நேராக வராமல் பெயிண்டர்கள் திட்டுவதைப் பார்த்து, மணல்தாளைச் சோதிக்கப் பட்டறைக்குப் போன 3எம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ 1925-ல் செய்து கொடுத்தது அது.