பெரியாஸ்பத்திரியின் நடைபாதை

1987 நவம்பர் 25, கந்தரோடை. 8வது மஹார் படைப்பிரிவின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் புலிகளின் பதுங்கித் தாக்குதலில் சிக்குகிறார். நெஞ்சில் சூடு வாங்கின பிறகும், சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்துச் சண்டை போட்டார் என்கிறது இந்திய ராணுவத்தின் பதிவு. பம்பாயில் பிறந்த தமிழர். இறந்த பிறகு பரம்வீர் சக்ரா கிடைத்தது. அவரது வீரத்தை மறுக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறொருவரைப் பற்றி. அதே குடாநாடு, ஏறத்தாழ ஒரு மாதம் முந்தி.

அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ் நகரைப் பிடிக்க இந்திய அமைதிப்படை முன்னேறிக்கொண்டிருக்கு. சனம் 'பெரியாஸ்பத்திரி' என்று சொல்லும் யாழ் போதனா வைத்தியசாலையில் காலையிலிருந்தே ஷெல் விழுகிறது. ஆயுதத்தோடு புலிகள் சிலர் உள்ளே வந்ததையும், வைத்தியர்கள் அவர்களை வெளியேறச் சொன்னதையும் 'முறிந்த பனை' பதிவு செய்திருக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் கதை எங்களுக்கு வசதியாத்தான் இருக்கும், முழுசா இருக்காது. ஆனால் ஜெனிவா விதி தெளிவானது: வைத்தியசாலை தவறாகப் பயன்பட்டாலும் முதலில் எச்சரிக்கை, பிறகு அவகாசம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

பின்னேரம் நாலு மணியைத் தாண்டி ராணுவம் உள்ளே வந்து சுடத் தொடங்கியது. எக்ஸ்ரே பகுதியிலும் அலுவலக அறைகளிலும் ஒளிந்திருந்தவர்கள் மேல் குண்டுகள் பாய்ந்தன. உயிர் தப்பினவர்கள் செத்தவர்களுக்கு நடுவில் பிணம் மாதிரிக் கிடந்தார்கள். இருமினாலும் முனகினாலும் கைக்குண்டு வந்து விழும். இரவு முழுக்க இதுதான்.

மறுநாள் காலை எட்டரை மணியளவில் குழந்தை வைத்திய நிபுணர் டொக்டர் அ. சிவபாதசுந்தரம் மூன்று தாதிமாரோடு நடைபாதையில் வருகிறார். கைகள் மேலே. சரணடைகிறோம், நாங்கள் வைத்தியர்கள், தாதிகள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடக்கிறார். கிட்ட நின்று சுட்டார்கள். அவர் அங்கேயே இறந்தார், தாதிமார் காயப்பட்டார்கள். உள்ளே சிக்கியிருந்த குழந்தைகளைக் காப்பாற்ற வந்தவர் அவர்.

துப்பாக்கியோடு போகிறவருக்கு அது ஒரு துணை. இவரிடம் இருந்தது ஒரு குரல்தான். சத்தம் போட்டால் சாவு என்றிருந்த கட்டடத்தில் வேண்டுமென்றே சத்தம் போட்டு நடந்திருக்கிறார். இதை எந்தப் பதக்கத்தில் பொறிப்பது?

பதினொரு மணி போலத்தான் கொலை நின்றது. டொக்டர் பரிமேலழகர், டொக்டர் கணேசரத்தினம் உட்பட 21 ஊழியர்கள். நோயாளிகளையும் சேர்த்தால் 60க்கும் மேல். இருதரப்புச் சூட்டில் செத்தார்கள் என்றது இந்தியத் தரப்பு. யாரும் தண்டிக்கப்படவில்லை.

இதையெல்லாம் சாட்சிகளிடம் கேட்டு எழுதிவைத்தவர்களில் ஒருவர் ராஜனி திராணகம, யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர். அவரும் வைத்தியர்தான். 1989 செப்டம்பர் 21 அன்று, புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வைத்தியசாலை ஊழியர்கள் ஒவ்வொரு அக்டோபர் 21 அன்றும் அங்கே விளக்கேற்றுகிறார்கள்.