தேக்கு வனமும் கோண்டு மக்களும்

தேக்கு என்றதும் ஆனைமலையும் பர்மாவும் தமிழருக்கு நினைவில் எழுதல் இயல்பே. ஆயினும் நாம் குடியேறி வாழும் இந்த ஹைதராபாத்துக்கு வடக்கே, கோதாவரிக்கு அப்பால், பழைய அதிலாபாத் மாவட்டத்திலும் தேக்கு வனங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றின் வரலாறு மரத்தோடு முடிவதன்று.

தேக்கு வெயிலை நாடும் மரம். பெருமரங்களின் நிழலில் அதன் கன்று தேறாது. தரையை ஒட்டி வெட்டினால் அடிக்கட்டையினின்று மீண்டும் துளிர்க்கும். இவ்வியல்பை அறிந்த வன அதிகாரிகள் காட்டைக் கூப்புகளாகப் பிரித்தனர். ஆண்டுக்கு ஒரு கூப்பு வெட்டப்படும். வெட்டிய இடம் வளர்ந்து முதிரும்வரை அங்கே கோடரி செல்லலாகாது. 1856-இல் பர்மா வனங்களின் பொறுப்பை ஏற்று, 1864-இல் இந்திய வனத்துறையின் முதல் தலைவரான ஜெர்மானியர் டீட்ரிக் பிராண்டிஸின் காலத்தில் இத்தகைய திட்டமிட்ட வன நிர்வாகம் வேரூன்றியது. பின்னர்ச் சமஸ்தானங்களும் அதனைக் கைக்கொண்டன. மரத்தைப் பொறுத்தவரை இது நல்ல ஏற்பாடே.

அதிலாபாத்தில் அக்காட்டினுள் கோண்டு மக்களும் கோலாம் மக்களும் வாழ்ந்திருந்தனர். கோலாமர் மலைச்சரிவில் செய்த ‘போடு’ சாகுபடி நம் குறிஞ்சி நிலத்துப் புனத்தை ஒத்தது. கோண்டுகளோ ஏர் பூட்டி உழுபவர்கள். சில ஆண்டுகள் பயிரிட்டபின் நிலத்தைத் தரிசாக விட்டு, மண் தேறியதும் மீண்டும் உழுவர். நிஜாம் அரசின் வன எல்லைகள் வரையப்பட்டபோது, புதர் மண்டிய அத்தரிசுகள் காடென்றே கணக்கில் ஏறின. திரும்பி வந்து உழுதவன் அத்துமீறியவன் ஆனான். ‘காப்புக்காடு’ என்னும் சொல்லை நான் அலுவலகத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். யாரிடமிருந்து காப்பு என்று அப்போதெல்லாம் எண்ணிப் பார்த்ததில்லை.

நீர், காடு, நிலம் ஆகியவற்றின் மீது உரிமை கோரி எழுந்த கோமரம் பீம் என்னும் கோண்டுத் தலைவர், 1940-இல் ஜோடேகாட் மலையில் தோழர்கள் பலருடன் காவற்படையின் துப்பாக்கிக்கு இரையானார். அதன் பின்னரே அரசு காரணத்தை ஆராய முற்பட்டது. ஆஸ்திரியாவில் பிறந்த மானிடவியலாளர் ஹைமண்டார்ப் கோண்டுகளிடையே தங்கி, அவர்கள் குறைகளை எடுத்துரைத்தார். பலருக்கு நிலப் பட்டாக்கள் கிடைத்தன. மார்லவாயி சிற்றூரில் கோண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. 1987-இல் மறைந்த அவர் மனைவி பெட்டியின் சமாதி அவ்வூரிலேயே உள்ளது.

வழக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. வனவாசிகளின் உரிமையை ஏற்கும் மத்தியச் சட்டம் வர 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆசிபாபாத் வட்டாரம் 2016-இல் பீமின் பெயர் தாங்கிய தனி மாவட்டமாயிற்று. தெலங்கானா அரசு போடு நிலப் பட்டாக்களை 2023 ஜூனில் வழங்கத் தொடங்கியதும் அங்கேதான். மாலையில் டாங்க் பண்டு கரையில் உலாவச் செல்லும் அன்பர்கள் அங்குள்ள சிலைகளுக்கிடையே அவருடைய சிலையையும் காணலாம்.