ஈய விதியும் மாடிசன் நகரமும்

தன் குடிநீர் விதிக்கு உட்பட்டது என்று ஒரு நகரத்தின் நீர் நிர்வாகம் அறிவிக்குமாயின், அந்நகரத்து வீடு ஒவ்வொன்றிலும் குழந்தை அருந்தும் நீரில் ஈயம் இல்லையென்று அதற்குப் பொருள் கொள்ளலாமா என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1991-இல் பிறப்பித்த ஈய-செம்பு விதியை நுணுகி நோக்கினால், அவ்வாறு பொருள் கொள்ள இடமில்லை என்பதும், அவ்விதியின் வரம்பைத் தாண்டிய நகரம் ஒன்றே அதன் நோக்கத்தைப் பிற நகரங்களினும் முன்னதாக நிறைவேற்றியது என்பதும் புலனாகும்.

ஈயம் பெரும்பாலும் ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ வருவதன்று. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு நிர்மலமாகப் புறப்படும் நீர், தெருவிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இணைப்புக் குழாயிலும், பற்றவைப்புகளிலும், பித்தளைக் குழாய்முனையிலும் இரவெல்லாம் தேங்கி நிற்கும்போதே அவ்விஷத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆகையால், ஆறு மணி நேரமேனும் அசையாது நின்ற நீரின் முதல் லிட்டரை, அபாயம் மிகுந்த வீடுகளில் பிடித்துச் சோதிக்குமாறு விதி பணித்தது. அம்மாதிரிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் ஈயத்தையோ 1.3 மில்லிகிராம் செம்பையோ தாண்டினால், நிர்வாகம் மேல்நடவடிக்கைக்குக் கடமைப்பட்டது. நூறு வீடுகளைச் சோதித்தால், அவற்றுள் பத்தில் ஈயம் எவ்வளவு மிகுந்திருந்தாலும் நகரத்தின் கணக்கு வரம்புக்குள்ளேயே நிற்கும். ஈயத்துக்கு அம்முகமையே வகுத்த சுகாதார இலக்கோ பூஜ்யம்! எனவே இவ்வரம்பு நிர்வாகத்தின் சிரத்தையை அளக்கும் கோலேயன்றி, நீரின் தீங்கின்மைக்குப் பிரமாணமன்று.

2014 ஏப்ரலில் அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்காமல் ஆற்று நீருக்கு மாறிய மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில், மறு ஆண்டின் முற்பாதிக் கணக்கிலிருந்து இரண்டே மாதிரிகள் விலக்கப்பட்டதும் நகரத்தின் எண் 15 மைக்ரோகிராம் வரம்புக்குக் கீழ் இறங்கியது. ஆயினும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. இரண்டு மாதிரிகளால் புரட்டப்படக்கூடிய ஓர் எண்ணின்மேல் ஒரு நகரத்தின் குழந்தைகளை நிறுத்துவது பெரும் கொடுமை என்றே கருதுகிறேன்.

விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரின் முதற் சோதனைகள் வரம்பைச் சற்றே கடந்தன. குழாயின் உட்புறத்தில் காப்புப் படலம் படியுமாறு பாஸ்பேட்டைக் கலப்பதே அத்தகைய நகரங்களுக்குச் சொல்லப்பட்ட வழக்கமான பரிகாரம். ஏரிகளால் சூழப்பட்ட அந்நகரமோ, அப்பொருள் கழிவுநீர் வழியே நீர்நிலைகளை அடைந்து பாசியைப் பெருக்கும் என்று அஞ்சி, மருந்தை விடுத்து நோயின் காரணமான ஈய இணைப்புக் குழாய்களையே அகற்றத் துணிந்தது. ஆனால் வீட்டு எல்லைக்குள் கிடக்கும் குழாய்ப் பகுதி வீட்டுக்காரருடையது. நகரம் தன் பகுதியை மட்டும் வெட்டி மாற்றினாலோ, எஞ்சிய ஈயம் அதிர்வினால் கலைந்து சில காலம் நீரில் முன்னிலும் மிகுதியாகக் கலக்கக்கூடும். விதி அத்தகைய அரைகுறை மாற்றத்தை அனுமதித்திருந்தும், 2000-இல் மாடிசன் நகர மன்றம் தனியார் பகுதியையும் மாற்றுவதைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. வீட்டுக்காரர் செலவில் பாதியை, 1,000 டாலர் வரை, நகரமே திருப்பித் தரவும் முன்வந்தது. ஆனால் பொதுமக்கள் செலுத்தும் நீர்க்கட்டணத்தைத் தனியார் சொத்துக்குச் செலவிட மாநிலப் பொதுச்சேவை ஆணையம் இசையாமையால், நீர்த்தொட்டிக் கோபுரங்களின்மீது அலைபேசி நிறுவனங்கள் அமைத்த வானலை வாங்கிகளின் வாடகைப் பணத்தை அதற்கு ஒதுக்கினர். இவ்வண்ணம் 2001-இல் தொடங்கிய வேலை, பத்தாண்டுகளுக்கு மேல் நடந்து, ஏறத்தாழ 8,000 ஈய இணைப்புகளைச் செம்புக் குழாய்களாக மாற்றியது.

வேதியியலை மட்டும் நம்பி ஈயக் குழாய்களை மண்ணில் விட்டுவைத்த நகரங்களுக்கு, நீரின் தன்மையில் நேரும் சிறு மாறுதலும் ஆபத்தாகும். வாஷிங்டன் நகரம் 2000-இல் கிருமி நீக்கத்துக்குக் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைனை மேற்கொண்டபின், அதுவரை குழாய்களில் உறுதியாகப் படிந்திருந்த ஈய ஆக்சைடு கரையத் தொடங்கியது. கிருமிகளைப் பற்றியும் குளோரினால் விளையும் துணைப்பொருள்களைப் பற்றியும் நியாயமாகக் கவலைப்பட்டுச் செய்த மாற்றமே ஈயத்தை அவிழ்த்துவிட்டது. மாடிசனில் அவிழ்வதற்கு ஈயக் குழாயே இராது.

2024 அக்டோபரில் வெளியிடப்பட்ட திருத்தம், வரம்பை 10 மைக்ரோகிராமாகத் தாழ்த்தியதோடு, பெரும்பாலான நகரங்கள் பத்தாண்டுகளுக்குள் ஈயக் குழாய்களை முழுமையாக அகற்ற வேண்டும் என்றும் விதித்தது. எனினும் வீட்டுக்காரரின் பகுதிக்கு ஆகும் செலவை நகரமே ஏற்க வேண்டும் என்று அத்திருத்தம் கட்டாயப்படுத்தவில்லை. வறியவர் குடியிருக்கும் வாடகை வீடுகளில் அச்செலவை ஏற்போர் யார் என்பதைப் பொறுத்தே, அவ்வீடுகளின் ஈயக் குழாய் எப்போது வெளியேறும் என்பது அமையும்.