நூலுக்காகப் பிறந்த ஏசி



போன வாரம் குடும்பக் குழுவில் என் அண்ணன் மகன் கேட்டிருந்தான்: "அத்தை, ஏசி வாங்கி ரண்டு வருசம் ஆச்சுங்க. நல்லாத்தான் ஓடுது. சர்வீஸ் பண்ணியே ஆகோணுங்களா?" ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் முப்பது வருடம் வரலாறு நடத்தியவளுக்கு ஒரு வரி எங்கே போதும்? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஏசி முதலில் மனிதருக்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம் இருந்தது. காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது காகிதமும் விரிந்து சுருங்கியது. ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. அதற்கு வழி தேடிய இளம் பொறியாளர் வில்லிஸ் கேரியர், குளிர்ந்த குழாய்கள் மீது காற்றைச் செலுத்தி ஈரத்தைக் கட்டுப்படுத்தினார். 1906இல் 'ஏர் கண்டிஷனிங்' என்று பெயர் வைத்தவர் ஸ்டூவர்ட் கிராமர். அவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் பஞ்சாலைகளுக்கு வேலை செய்த பொறியாளர். அங்கே சிக்கல் வேறு மாதிரி. காற்று காய்ந்தால் நூல் அறுந்தது. ஆக, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டிக்குப் பெயர் கிடைத்தது பஞ்சாலைத் தொழிலில்தான்.

நம் ஊருக்கு இது புதுக் கதை அல்ல. கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் மளமளவென்று பெருகின. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று நூற்புக்கு நல்லது என்பார்கள். ஆனால் மாசி, பங்குனியில் அந்தக் காற்றை நம்ப முடியாது. ஸ்பின்னிங்கில் ஈரப்பதம் 55, 60 சதவீதம் அளவில் நிற்க வேண்டும். குறைந்தால் இழை அறும், பஞ்சு பறக்கும். அதனால் மில்களில் தனியாக ஒரு பிளான்ட் வைத்தார்கள். பெரிய ஃபேன் காற்றை இழுக்கும். தண்ணீர்த் தூறலுக்குள் அந்தக் காற்று புகுந்து, நனைந்து, மேலே உள்ள குழாய் வழியாக மிசின்கள் மீது இறங்கும். திரும்பி வரும் காற்றில் பஞ்சுத் துகள் இருக்கும். அதைப் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பிளான்டில்தான் என் அப்பா வேலை பார்த்தார். ஃபில்டரில் படிந்த பஞ்சை எடுப்பது, தண்ணீர் தெளிக்கும் நாசில் அடைத்தால் கழற்றிக் கழுவுவது, தொட்டியைச் சுத்தம் செய்வது. ஷிப்ட் தவறாமல் இதே வேலை. ஃபில்டர் அடைத்தால் அரை மணி நேரத்தில் நூல் அறுவது கூடிவிடும், மேஸ்திரி ஓடி வருவார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவே இதைப் பற்றியதாகத்தான் இருந்தது. காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர் குடிநீர் வருமிடத்திலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் சுத்திகரித்திருக்க வேண்டும் என்றது அது. அப்பா சட்டம் படித்தவர் அல்ல. அவர் சொல்வது இவ்வளவுதான்: "மிசினு நின்ன பொறவு பாக்கறது ரிப்பேரு கண்ணு. ஓடறப்பவே பாக்கறதுதான் மெயின்டனன்ஸு."

அவர் மகள் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏசி மாட்டி மூன்று வருடம் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. குளிர் குறைந்தது. வந்தவர் "கேஸ் கம்மிங்க" என்றார். நிரப்பினேன். அடுத்த சித்திரையிலும் அதே பேச்சு, மறுபடியும் நிரப்பினேன். அதற்கடுத்த வருடம் கம்ப்ரஸரே போய்விட்டது. ஒரு மாதப் பென்ஷனில் பாதி போயிற்று.

கடைசியில் பார்த்தவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். ஃபில்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தான். கம்பளி போலத் தூசி. "டீச்சர், கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ற பொருள் இல்லீங்க. மூடின குழாய்க்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கும். குறைஞ்சா எங்கியோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம நிரப்பினா காசுதானுங்க வீண்" என்றான். என் ஏசியில் ஓட்டையே இல்லை. ஃபில்டர் அடைத்ததால் உள்ளே காயிலுக்குக் காற்று போகவில்லை, பனி கட்டியது. வெளியே இருக்கும் பெட்டியில் தூசி அப்பிக்கிடந்ததால் வெப்பம் வெளியேற வழியில்லை. தேவையில்லாமல் ஏற்றிய கேஸ் வேறு. இத்தனையும் சேர்ந்து கம்ப்ரஸரைக் கொன்றன. அப்பா ஷிப்டுக்கு ஷிப்ட் செய்த வேலையை நான் மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

இனி என் மருமகனுக்கும் உங்களுக்கும் பதில்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கழற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து மாட்டுங்கள். வெளியே உள்ள பெட்டியைச் சுற்றிச் சாமான் அடுக்காதீர்கள், அது மூச்சு விட வேண்டும். உள்ளே தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைப்புதான், பயப்பட வேண்டாம். வெயில் தொடங்குமுன், தை மாதத்திலேயே ஒரு சர்வீஸ் செய்துவிடுங்கள். சித்திரையில் கூப்பிட்டால் ஆள் கிடைக்காது. யாராவது "கேஸ் கம்மி" என்றால், "ஓட்டை எங்கேன்னு காட்டுங்க" என்று முதலில் கேளுங்கள்.

அப்பாவின் காலத்தில் அந்தக் காற்றெல்லாம் நூலுக்காகத்தான் தயாரானது. பஞ்சுத்தூசியில் வேலை பார்த்து, இருமலோடு ரிட்டயர் ஆனார். வீட்டில் அவருக்கு ஒரு டேபிள் ஃபேன்தான். இன்று நான் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் கழுவும்போதெல்லாம் அவர் நினைப்பு வருகிறது.

உங்கள் வீட்டிலும் மில்லில் வேலை பார்த்த அப்பா, தாத்தா, அம்மா இருந்திருப்பார்கள். அவர்கள் எந்த டிபார்ட்மென்டில் இருந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். எழுதுமுன் எழுந்து போய் ஃபில்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்