கசாக்கின் இதிகாசம்

ஓ. வி. விஜயன் (1930–2005) எழுதிய மலையாள நாவல். 1968இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து, 1969இல் நூலானது. இதை அறிவியல் புனைகதை என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. ஆனால் எங்கிருந்து வந்தான், ஏன் வந்தான் என்று தெரியாத ஓர் அந்நியன் ஊருக்குள் நுழைவதையும், அவன் மனம் முழுக்க விண்வெளி நிறைந்திருப்பதையும் இவ்வளவு ஆழமாகச் சொன்ன இந்திய நாவல்கள் அரிது.

அந்த அந்நியன் ரவி. தாம்பரத்தில் இயற்பியல் படித்தவன். விண்ணியற்பியலையும் உபநிடதங்களையும் இணைத்துச் சிந்தித்தவன். மாற்றாந்தாயுடன் ஏற்பட்ட உறவின் குற்ற உணர்வு துரத்த, படிப்பை விட்டு அலைந்து, செதலி மலையடிவாரத்துக் கசாக்குக்கு ஓராசிரியர் பள்ளி நடத்த வருகிறான். மதரசா நடத்தும் அல்லாப்பிச்சை மொல்லாக்கா பள்ளியை எதிர்க்கிறார். அவரோடு பகைத்துக்கொண்ட நைஜாம் அலி ஆதரிக்கிறான். மனவளர்ச்சி குன்றிய அப்புக்கிளி தும்பிகளை நூலில் கட்டித் திரிகிறான். இறந்தவர்களின் நினைவுகள்தாம் தும்பிகள் என்று ஊர் நம்புகிறது. அதே ஊரில் பரிணாமமும் கதையாகிறது: இரண்டு உயிர்த்துளிகள் உலாவப் போகின்றன, மூத்தது பள்ளத்தாக்கிலேயே தங்கிச் செண்பகமாகிறது. யுகங்கள் கழித்துப் பூப்பறிக்க வரும் பெண்ணுக்குத் தன் அக்காவை அடையாளம் தெரிவதில்லை. நாவலின் உச்சம் இதுவே. பேரண்டத்தின் கால அளவை உடன்பிறப்பின் மறதியாகச் சுருக்கிவிடுகிறார் விஜயன். அம்மை நோய் ஊரைச் சூறையாடுகிறது. இறுதியில், கூமன்காவில் பேருந்துக்குக் காத்திருக்கும் ரவியைப் பாம்பு தீண்டுகிறது.

கசாக்குக்கு மூலம் பாலக்காட்டை அடுத்த தஸ்ராக். விஜயனின் சகோதரி சாந்தா 1956இல் அங்கு ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றியபோது அவரும் உடன் தங்கினார். அங்கே கண்டது நாவலாக முதிரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றோடு தமிழும் உள்ளே வந்த பகுதி அது. கசாக்கின் இராவுத்தர்கள் பேசும் மலையாளத்தில் தமிழ் ஊறியிருப்பதால் தமிழ் வாசகருக்கு இவ்வூர் சட்டென்று நெருங்கிவிடும். யூமா வாசுகியின் தமிழாக்கம் 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. ஆங்கிலத்தில் விஜயனே 1994இல் எழுதினார். அது மூலத்திலிருந்து கணிசமாக விலகிய பிரதி. தீபன் சிவராமன் 2015இல் இதை நாடகமாக்கினார். தஸ்ராக்கில் விஜயன் தங்கிய ஞாற்றுப்புரை இப்போது அவருடைய நினைவில்லம்.