ஏகமனதாய் நிறைவேறியது: காந்திகிராம மாநாடும் அதன் பின்விளைவுகளும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சின்னாளபட்டியை அடுத்து, சிறுமலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கும் காந்திகிராமத்தை நம் வாசகர்களில் பலர் அறிவர். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய இந்நிறுவனம் ஆதாரக் கல்விக்கும் கிராமப் பணிக்கும் பெயர் பெற்றது. ஆனால் 1960ஆம் ஆண்டு டிசம்பரில், நம் சபைகள் கிறிஸ்து பிறப்பின் பண்டிகையை ஆசரித்த அதே வாரத்தில், பல கண்டங்களைச் சேர்ந்த மக்கள் இங்கே கூடி, ஆயுதமற்ற உலகப் படை ஒன்றை அமைப்பது பற்றி ஆலோசித்தனர் என்பது இவ்வட்டாரத்தாருக்கே அவ்வளவாகத் தெரியாது. அக்கூட்டம் எதைத் தீர்மானித்தது என்பதைக் காட்டிலும், எவ்வாறு தீர்மானிப்பது என்னும் கேள்வியை அது எப்படி விட்டுச் சென்றது என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

மாநாட்டைக் கூட்டியது போர் எதிர்ப்போர் அகில உலகச் சங்கம். 1921இல் ஆலந்து நாட்டின் பில்தோவன் என்னும் ஊரில் தோன்றிய அச்சங்கம், முதலில் எஸ்பெரான்டோ மொழியில் சமாதானம் எனப் பொருள்படும் ‘பாக்கோ’ என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. எந்த நாட்டு மொழிக்கும் முதலிடம் இல்லை என்பதே பெயரின் உட்கருத்து. எந்தப் போருக்கும் துணைபோவதில்லை என்று உறுதிமொழி கொடுத்தவர்களே அதன் உறுப்பினர். மூன்றாண்டுக்கொருமுறை கூடும் அதன் மாநாடு ஐரோப்பாவுக்கு வெளியே நடந்தது காந்திகிராமத்தில்தான் முதன்முறை. அப்போது சங்கத் தலைவராயிருந்த ஹெரால்டு பிங், முதல் உலகப் போரின்போது பதினெட்டு வயதில் இராணுவ சேவையை மறுத்து ஏறக்குறைய மூன்றாண்டு சிறையிலிருந்த ஆங்கிலேயர்.

அங்கு சந்தித்தவை இரண்டு மரபுகள். மேல்நாட்டிலிருந்து வந்தோரில் பலர் நண்பர் சபை எனப்படும் குவேக்கர் சமூகத்தின் வழக்கங்களை அறிந்தவர்கள். அச்சபையில் வாக்கெடுப்பு கிடையாது. அமைதியாக அமர்ந்து, பேசுவோர் பேச, மற்றவர் கேட்க, கூட்டத்தின் மனம் எங்கே சேருகிறது என்பதை எழுத்தர் ஒருவர் உணர்ந்து அங்கேயே குறிப்பெழுதி வாசிப்பார். அவையோர் ஒப்பினால்தான் அது தீர்மானம். ஒப்பாவிடில் மறு கூட்டம். இம்முறை மிக மெதுவானது. பிலதெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வைத்திருக்கும் அங்கத்தினரைச் சந்தித்து அறிவுரை கூற ஜான் உல்மன் முதலானோரை நியமித்தது 1758இல்; அடிமை வைத்திருப்போர்க்குச் சபையில் இடமில்லை என்று முடிவு செய்தது 1776இல். பதினெட்டு ஆண்டுகள்! ஒருமனப்பட்டு முடிவெடுத்ததால் சபை பிளவுபடவில்லை என்று மெச்சுவோர் உண்டு. அந்தப் பதினெட்டு ஆண்டுகளைச் செலுத்தியவர்கள் அக்கூட்டத்தில் அமர்ந்திராத அடிமைகள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

மற்றொன்று வினோபாவின் மரபு. ஐவரும் ஒருமித்துச் சொல்வதே தெய்வ வாக்கு என்னும் வடநாட்டுப் பழமொழியை அவர் அடிக்கடி எடுத்துக்காட்டி, நால்வர் ஆம் என்று ஒருவர் இல்லை என்றால் ‘நிறைவேறியது’ என்று அறிவிக்கும் இக்கால முறையைக் கண்டித்து வந்தார். 1957இல் அவர் அமைத்த சாந்தி சேனையும், சர்வோதயத் தொண்டர்களின் தலைமை அமைப்பான சர்வ சேவா சங்கமும் ஒருமித்த முடிவையே நெறியாகக் கொண்டன. கிராமதானம் ஏற்ற ஊர்களின் கிராம சபைக்கும் அதுவே விதி. அந்நாளில் திண்டுக்கல்லை உள்ளடக்கியிருந்த மதுரை மாவட்டத்தில், குறிப்பாக வத்தலக்குண்டுப் பக்கத்தில், சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இவ்வியக்கத்திற்காக ஊர் ஊராய் நடந்தவர்கள்.

ஆயினும் ஊரின் ஒருமனம் என்பது எளிய பொருளன்று. கிராமத்தைக் குறித்து அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுப்பிய கடுமையான கண்டனத்தை, இச்சமவெளியில் ஊழியம் செய்த எவரும் புறக்கணிக்க இயலாது. நிலமுடையவனும் அவனிடம் கூலி பெறுபவனும் ஒரே பாயில் அமர்ந்தால் மட்டும் ஒரே குரல் உடையவர் ஆகிவிடுவரோ? நாம் இளம் போதகராய் இருந்த ஒரு சேகரத்தில், கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றிய தீர்மானம் ஒன்று கமிட்டியில் வந்தது. எதிர்த்துப் பேசியவர் ஒருவருமில்லை. ‘ஏகமனதாய் நிறைவேறியது’ என்று நம் கையாலேயே எழுதினோம். மறுவாரம் ஒரு மூதாட்டி ஆலயத்து வாசலில் நம்மை நிறுத்தி, “ஐயா, நாங்க பேசலை, அதனாலே சம்மதம்னு எழுதிட்டீங்க” என்றார். அச்சுவர் எவருடைய கல்லறைகளை வெளியே நிறுத்தியது என்பதை அதன்பின்னரே நாம் போய்ப் பார்த்தோம்.

காந்திகிராமத்திற்குத் திரும்புவோம். ஆயுதமற்ற சமாதானக் காவலரை ஐக்கிய நாடுகள் சபை அமர்த்த வேண்டுமென்று ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சால்வடோர் தெ மாதரியாகாவும் அவ்வாண்டே கோரியிருந்தனர். அரசுகளை எதிர்பாராமல் தொண்டர்களே அதைச் செய்யலாம் என்னும் எண்ணம் மாநாட்டில் வலுப்பெற்றது. அதன் விளைவாக, 1961 டிசம்பர் இறுதியில் லெபனானின் பிரும்மானா ஊரிலுள்ள குவேக்கர் பள்ளியில் மீண்டும் கூடி, 1962 புத்தாண்டு நாளில் உலக சமாதானப் படையை நிறுவினர். அதற்கு ஒரு தலைவர் இல்லை, மூவர் இருந்தனர். ஆசியாவுக்கு ஜெயப்பிரகாஷ், ஐரோப்பாவுக்கு ஆங்கிலிக்கன் குருவான மைக்கேல் ஸ்காட், அமெரிக்காவுக்கு சீர்திருத்த சபையில் குருப்பட்டம் பெற்ற ஏ. ஜே. மஸ்டி. மூவரில் இருவர் நம்மைப் போன்ற குருமார் என்பது கவனிக்கத்தக்கது.

மூன்று கண்டங்கள், மூன்று தலைவர்கள், சொற்பப் பணம். கடிதம் போய்ச் சேரவே நாட்கள் செல்லும் காலம். இத்தகைய அமைப்பில் ஒருமித்து முடிவெடுத்தல் கடினமே. 1962இல் தார் எஸ் சலாமில் தங்கி, கென்னத் கவுண்டாவின் விடுதலை இயக்கத்திற்குத் துணையாக வடரொடீஷியாவுக்குள் அணிவகுத்துச் செல்லத் திட்டமிட்டனர். அரசியல் நிலைமை மாறியதால் அது நடைபெறவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய–சீனப் போர் மூண்டது. 1963 மார்ச் முதல் நாள் தில்லி இராஜகாட்டிலிருந்து பீகிங் நோக்கிச் சிறு குழுவொன்று நடக்கத் தொடங்கியது. சங்கர்ராவ் தேவ் முன்னின்றார். சீனாவிடம் கேட்கும் கேள்விகளை இந்திய அரசிடமும் கேட்க வேண்டும் என்றனர் வெளிநாட்டார் சிலர்; தம் நாடு தாக்கப்பட்டதென்று கருதிய இந்தியத் தொண்டர்களுக்கு அது எளிதாயில்லை. நாள்தோறும் நடந்துகொண்டே இவ்விவாதமும் நடந்தது. பாகிஸ்தானும் பர்மாவும் சீனாவும் வழிவிடவில்லை. 1964 ஜனவரியில் அசாமில் நடை முடிந்தது. சில ஆண்டுகளில் படையும் ஓய்ந்தது.

அவ்விரு தலைவர்களும் ஓரளவு கனி கண்டது வேறோரிடத்தில். 1964 தொடக்கத்தில் வோக்காவில் கூடிய நாகாலாந்து பாப்திஸ்து சபையார், ஜெயப்பிரகாஷ், மைக்கேல் ஸ்காட், அசாம் முதலமைச்சர் சாலிஹா ஆகிய மூவரையும் கொண்ட சமாதானக் குழுவுக்கு வழிவகுத்தனர். இரு தரப்பாரும் ஒப்பி, செப்டம்பர் 6 முதல் போர் நிறுத்தம் அமலுக்கு வந்தது. குழு 1966இல் கலைந்தது. ஸ்காட் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். சண்டையிடும் இரு தரப்பும் வாக்கெடுப்பில் பங்குகொள்ள முடியாதாகையால், அங்கே ஒப்புதல் ஒன்றே கருவி.

ஒருமன விதியின் மிகக் கடினமான சோதனை 1974இல் வந்தது. ஜெயப்பிரகாஷ் பீகார் இயக்கத்தை நடத்துகையில், சர்வ சேவா சங்கம் அதை ஆதரிப்பதா என்ற கேள்வி ஜூலையில் வார்தாவில் எழுந்தது. பெரும்பாலோர் ஆம் என்றனர். வினோபாவை ஒட்டிய சிறுபான்மையினர் இல்லை என்றனர். விதிப்படி தீர்மானம் இல்லை. அவரவர் மனச்சாட்சிப்படி சேரலாம், சத்தியமும் அகிம்சையும் நாவடக்கமும் காக்க வேண்டும் என்று வினோபா ஒரு வழி கூறினார். 1975 மார்ச்சில் பவுனாரில் பிணக்கு மீண்டும் வெடித்தபோது அவரோ ஓராண்டு மௌன விரதத்திலிருந்தார். சங்கம் செயலற்றுப்போனது, ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. பெரும்பான்மை சிறுபான்மையை நசுக்குவது போலவே சிறுபான்மை பெரும்பான்மையைக் கட்டிப்போடவும் கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. வினோபாவின் சொல்லுக்கு மற்றெவர் சொல்லினும் எடை அதிகம் என்பதை எந்த விதியும் எழுதிவைக்கவில்லை. ஆனால் எல்லாரும் அறிந்திருந்தனர். நம் திருமண்டல ஆலோசனைகளிலும் இது நாம் காணாததன்று.

1981இல் கனடாவின் கிரைண்ட்ஸ்டோன் தீவில், சாந்தி சேனையின் நாராயண் தேசாய் உள்ளிட்டோர் கூடி, சர்வதேச சமாதானப் படையணிகள் என்னும் அமைப்பைத் தொடங்கினர். பழைய தோல்விகளை அறிந்திருந்தும், ஒருமித்த முடிவு என்னும் நெறியை அவர்கள் கைவிடவில்லை. ஆனால் ஒருவருக்குப் பேச்சு எளிதாயும் மற்றவருக்குக் கடினமாயும் இருப்பதைக் கணக்கில் கொண்டு, இத்தகைய குழுக்கள் சில பழக்கங்களை வளர்த்துக்கொண்டன. எவரும் ஒருமுறை பேசாமல் எவரும் இருமுறை பேசுவதில்லை. இசையாதவர் தம் மறுப்பைப் பதிவுசெய்துவிட்டு ஒதுங்கி நிற்கலாம். மனச்சாட்சி முற்றும் மறுத்தால் தடுத்து நிறுத்தலாம். மௌனம் இம்மூன்றில் எதுவுமன்று. ஆகவே பேசாதவரை அழைத்துக் கேட்பது கூட்டத்தை நடத்துபவரின் கடமை.

இலங்கையில் வழக்கறிஞர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த 1989ஆம் ஆண்டில், அவர்களுடைய வேண்டுகோளின்பேரில் இவ்வமைப்பின் தொண்டர்கள் அங்கு சென்று, அச்சுறுத்தப்பட்டோருக்கு அருகே வெறுங்கையராய் நின்றனர். பல நாட்டார் ஒரே வீட்டில் தங்கி, இன்று எவருடன் செல்வது, எந்தச் சாலையில் செல்வது என்பதையும் கூடிப் பேசியே முடிவு செய்தனர். அரசு விதித்த நிபந்தனைகளுக்கு இணங்க இயலாமல் 1998இல் அப்பணியை நிறுத்தியதும் அவ்வாறு பேசி எடுத்த முடிவே.

அந்த மூதாட்டியிடம் நாம் திரும்பிச் சென்றபோது, தீர்மானப் புத்தகத்தையும் எடுத்துச் சென்றோம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நாம் வாசித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு, “இன்னொரு கூட்டம் போடுங்க ஐயா, இந்தத் தடவை எங்க தெருவிலே போடுங்க” என்றார். போட்டோம். அன்று இரவு பதினொரு மணிவரை பேச்சு முடியவில்லை.