மல்லிக்குள் ஒரு பழம்

கொஞ்சம் பழம், கொஞ்சம் பூ, மேலே இனிப்பு. மால்களில் பெண்களுக்கென்று விற்கிற செண்டுகளில் ஏகப்பட்டது இந்த ரகம்தான். 'மிட்டாய்க்கடை வாசனை' என்று விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால் அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியவில்லை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ரோஜாவிலிருந்தும் மல்லியிலிருந்தும் வாசனையைப் பிரித்தெடுக்கலாம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் எண்ணெய் பிழியலாம். பீச், பேரிக்காய், ஆப்பிளில் இந்த வேலை நடக்காது. அதனால் அந்தப் பழங்கள் செண்டுக்குள் வந்ததே ரசாயனக்கூடம் வழியாகத்தான். 1908-ல் ஒரு லாக்டோனைத் தயாரித்தார்கள். அப்படியே பீச் பழ வாசனை! ஆல்டிஹைடே இல்லாத அதற்கு 'ஆல்டிஹைடு சி-14' என்று வியாபாரப் பெயர் வேறு. 1919-ல் ழாக் கெர்லான் 'மிட்சுகோ'வில் அதைப் போட்டார். 1990-ல் சோபியா குரோய்ஸ்மன் 'த்ரெஸோர்' செண்டில் ரோஜாவோடு பீச்சைச் சேர்த்தார். 1992-ல் வந்த 'ஏஞ்சல்', எத்தில் மால்டாலைத் தாராளமாகப் போட்டு பஞ்சுமிட்டாயையே புட்டியில் அடைத்தது.

பிறகு 1999. டியோர் நிறுவனத்துக்காக காலிஸ் பெக்கர் உருவாக்கிய 'ஜடோர்'. போட்டவுடன் பேரிக்காய், பீச், முலாம்பழம். பத்து நிமிஷம் பொறுத்தால் மல்லிகை. அதிலே சேரும் 'சம்பக்' மல்லிகை இந்தியாவிலிருந்து போவது. வேறொன்றுமில்லை, நம்ம குண்டுமல்லிதான்!

நம்ம ஊர்ப் பக்கம் இதற்கான ஆலைகள் உண்டு. மொட்டாக வரும் பூ ராத்திரி விரியும்வரை காத்திருந்து, ஹெக்சேனில் ஊறவைத்து மெழுகு மாதிரி எடுப்பார்கள். அதை ஆல்கஹாலில் கழுவினால் 'அப்சல்யூட்'. ஒரு கிலோவுக்கு அரை டன் பூவுக்குக் குறையாது.

சரி, மதிப்பீட்டுக்கு வருவோம். குண்டுமல்லியிலேயே பழம் இருக்கிறது. அதிலுள்ள பென்ஸைல் அசிடேட் வாழைப்பழத்தை ஞாபகப்படுத்தும். மெத்தில் ஆந்த்ரானிலேட் திராட்சை மிட்டாயில் போடுகிற அதே வஸ்து. ஆக, ஜடோர் பழத்தை வெளியிலிருந்து ஒட்டவைக்கவில்லை. மல்லியில் ஏற்கெனவே இருப்பதைத் தூக்கிக் காட்டுகிறது. அது கெட்டிக்காரத்தனம்.

குறையும் அங்கேதான். மல்லிக்கு ராத்திரியின் கனத்தைக் கொடுப்பது இண்டோல். தலையில் வைத்த சரம் விடியற்காலையில் வீசுமே, அந்த லேசான வாடல் நெடி. ஜடோரில் அதை அடக்கி வைத்திருக்கிறார்கள். துவைத்து இஸ்திரி போட்ட மல்லி என்று சொல்லலாம்.

வெளியூரில் வளரும் நம் பெண்பிள்ளைகள் பலருக்குத் தலையில் பூ வைக்கக் கூச்சம், 'ரொம்ப ஹெவி' என்பார்கள். அதே பூவை ஆயிரக்கணக்கில் கொடுத்து மணிக்கட்டில் தெளித்துக்கொள்வார்கள். தப்பில்லை. ஆனால் அது எந்த ஊர்த் தோட்டத்துப் பூ என்று சொல்லிவையுங்கள். முடிந்தால் ஒரு முழம் சரத்தையும் புட்டியையும் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். என் ஓட்டு சரத்துக்குத்தான்!